நடுப்புள்ளிக்கு விட்ட இடம்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் ஒருமுறை சசிகலாவின் இடது கையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். நான் பார்த்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். டெட்டாலில் பஞ்சை நனைத்தும் தேய்த்தேன். போகவில்லை. அதற்குப் பிறகுதான் நான் நம்பினேன்.

சசிகலா என் சின்னம்மா மகள். முப்பத்து நாலு வயது. போளூரில் பிறந்து, போளூரிலேயே குமரேசனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒத்துவராமல் பிரிந்தவள். ஜமுனாமரத்தூர் பக்கம் சாமையைத் தீட்டி அரிசியாக்கும் மில் ஒன்றில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள். மில்லிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, எட்டே வீடு உள்ள சிற்றூரில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். பக்கத்து வீட்டு பாஞ்சாலிதான் வீட்டுக்காரி. பகலெல்லாம் மெஷின் சத்தம். சாயங்காலம் ஐந்தரைக்கு மெஷினை நிறுத்தினால் மறுநாள் காலை வரை அவளிடம் பேச ஒரு ஆள் இல்லை.

போன புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. பாஞ்சாலி தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மில்லில், சசிகலா ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கதவை ஒருத்தரும் தட்டவில்லை. நானும்தான் போன் பண்ணவில்லை; அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாலாம் நாள் எழுந்து தண்ணீர் குடிக்கும்போது, செத்துக் கிடந்திருந்தால் எந்நேரத்துக்கு யார் பார்த்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு பெயரும் வரவில்லை.

அன்றைக்குத்தான் டாட்டூ போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதாம். அம்மா காது குத்தினாள், குமரேசன் தாலி கட்டினான், பிறகு அவனே அதைக் கழற்றியும் வாங்கிக்கொண்டான். இந்த உடம்பில் தன் இஷ்டத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும், அதை யாரும் கழற்ற முடியாது என்று நினைத்தாள்.

வாரச் சந்தையில் சக்கரவர்த்தி என்று ஒரு பையன் குடை விரித்து உட்கார்ந்திருப்பான். பேட்டரி, குத்துகிற மெஷின், படங்கள் ஒட்டிய ஆல்பம். அவளுடைய இடது கையை ஸ்பிரிட்டால் துடைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"மொத தபாவாக்கா?"

"ஆமா தம்பி."

"நல்ல தோலு. ஒரு மச்சம்கூட இல்ல. இன்னா போடலாம்?"

ஆல்பத்தை மூன்று முறை புரட்டினாள். சிறகு, கிரீடம், சிங்கம், பெயர்கள். ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லை.

"அப்ப இன்னைக்கி வேணாங்க்கா. வூட்டுக்குப் போய் புடிச்சத பேனாவுல வரைஞ்சிக்கோங்க. ஏழு நாளு கையிலயே வெச்சிப் பாருங்க. ஏழாவது நாளும் புடிச்சிருந்தா வாங்க. போட்டா சாவுற வரைக்கும் கூட வரும்."

வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரனை அவள் அன்றுதான் பார்த்தாள். அதனாலேயே அவன் சொன்னபடி செய்தாள்.

வீட்டுக்குள் விளக்கு மங்கல். வாசலில் இரண்டு கல்லின் மேல் ஒரு பலாப் பலகை கிடந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அன்று சாயங்காலமே முகம் கழுவிவிட்டு அதில் உட்கார்ந்தாள். இடது கையைத் தொடைமேல் நீட்டி வைத்து, நீலப் பேனாவால் பட்டாம்பூச்சி வரைந்தாள். மணி 5.50. பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் டப்பாவில் இருப்பது போல இருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலை 6.10. அலாரம் அடித்து எழுந்தாள். பட்டாம்பூச்சி பாதி அழிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், கையின் வெளி ஓரமாக, மூன்று புள்ளிகள்.

தூக்கத்தில் பேனா பட்டிருக்கும் என்று நினைத்தாள். சோப்பு போட்டாள். பட்டாம்பூச்சி போனது. புள்ளிகள் போகவில்லை. தேய்த்ததில் தோல் சிவந்தபோதுதான் கவனித்தாள். அவை நீலம் இல்லை. பச்சை.

இரண்டாம் நாள் ரோஜா வரைந்தாள். குமரேசன் ஓட்டிய லாரியின் பின்னால் அதே ரோஜாதான் இருந்தது என்பது பாதியில் ஞாபகம் வர, எச்சிலைத் தொட்டு அழித்தாள். மூன்றாம் நாள் மில்லில் மூட்டையிலிருந்து ஒரு சாமைக் கதிர் சட்டைக்கையில் சிக்கிக்கொண்டு வந்தது. தலை தொங்கி, காற்றுக்கு ஆடுகிற மெல்லிசான கதிர். அதைப் பலகையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். இதுதான், இதுதான் என்னுடையது என்று முடிவு பண்ணிவிட்டாள்.

அன்றைக்கு எழுந்திருக்கும்போது பலகையில் இடது பக்கம் கையை ஊன்றினாள். அவள் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். ஆனால் இடது பக்கம்... வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் காலை பச்சைப் புள்ளிகள் ஒன்பது. சில புள்ளிகளுக்கு நடுவே கோடு ஓடியது. கோலம் போலத்தான் இருந்தது. ஆனால் எல்லாக் கோடுகளும் கையின் வெளி ஓரத்துக்கு வந்து, வெட்டினாற்போல் நின்றன. அதற்கு அப்புறம் போக வேண்டியது வேறெங்கோ இருப்பது போல.

பயந்தாளா என்று கேட்டேன். பயந்தாளாம், ஆனால் அது மட்டும் இல்லையாம். நாலாம் நாள் சாயங்காலம் 6.05க்குக் கரண்ட் போனது. மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. பக்கத்து வீடு தெரியவில்லை. கதிரை மறுபடி வரைந்து முடித்து, கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, சும்மா, பேச்சுக்கு, காலியாக இருந்த இடது பக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்டி கீது?"

பலகைதான் 'கிரீச்' என்றது. ஒரு ஆள் நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

பிறகு கையில்... சுருக்.

எறும்பு கடித்த மாதிரி. மறுபடி... சுருக்... சுருக்...

அவள் எழுந்து ஓடவில்லை. பதினாலு மாசமாகத் தன்னை ஒரு மனுஷக் கை தொடவில்லை என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டாளாம். கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அப்படியே போயின. புள்ளிகள் கூடின. மில்லில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள்.

ஏழாம் நாள் காலை கண்ணாடி முன் நின்று கையை முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் கதிருக்கு இடமே இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பச்சைக் கோடுகள். மறுநாள் சந்தை. இதுவும் தன் இஷ்டத்துக்கு இல்லையா என்று அவளுக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு வாசலில் உட்காரப் போவதில்லை, உள்ளேயே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்தக் கோடுகளுக்கு மேலேயே தன் கதிரைத்தான் வரையப்போகிறாள். அப்படி முடிவு பண்ணினாள்.

மணி 5.50. கதவைத் தாழ் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

5.58. வெளியே பலகை... கிரீச்.

அவள் பேனாவை அழுத்திப் பிடித்தாள்.

6.03. கிரீச். இந்த முறை எழுந்திருக்கும் சத்தம்.

காலடிச் சத்தம் எதுவும் இல்லை. கதவும் ஆடவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

6.05. கரண்ட் போனது.

கட்டிலின் இடது பக்கம்... மெல்ல... அமுங்கியது.

விளக்கெண்ணெய்க் கரி வாசனை.

அவள் திரும்பவில்லை.

ஒரு கை. சில்லென்று. அவள் கையோடு ஒட்டி... முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை... படிந்தது.

"இன்னா வேணும்?"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

காதுக்கு வெகு பக்கத்தில்...

"ஆடாத இரு."

சுருக்.

எண்ணினாள். எண்ணாவிட்டால் மயக்கம் வந்துவிடும் என்று எண்ணினாள்.

ஆறு... ஏழு... எட்டு...

எட்டோடு நின்றது.

கரண்ட் வந்தபோது மணி 6.20. கட்டிலில் அவள் மட்டும் இருந்தாள். பேனா தரையில் கிடந்தது. கதிர் வரையப்படவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சந்தையில் சக்கரவர்த்தி முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக்கையை மடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பெருவிரலால் தேய்த்தான், தோலை இழுத்துப் பார்த்தான், வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? மொத தபான்னீங்க?"

"ஏன்?"

"இது கையால குத்துன பச்சைங்க. ஊசி, கரி. மை தோலுக்கு அடியில பரவிப் போய்க்கீது பாருங்க." குரலைத் தாழ்த்தினான். "முப்பது வருசமாவது ஆயிருக்கும்."

போன சந்தையில் மச்சம்கூட இல்லை என்று அவன்தானே சொன்னான் என்று அவள் கேட்டாள். ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் அவன் மெஷினை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அன்றுதான் மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்த பாஞ்சாலியிடம் கையைக் காட்டினாள். பாஞ்சாலி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு நாளு சாயங்காலம் பலகையில கைய நீட்டிக்கினு உக்காந்தியா?"

"ஆமாக்கா. வரைஞ்சி பாத்துக்கினு இருந்தேன். ஏழாவது நாளு மட்டும் உள்ள, கட்டில்ல."

"எங்கூர்ல அப்டிதாம்மா கேப்பாங்க."

அந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்த வழக்கத்தைப் பாஞ்சாலி சொன்னாள். உடன்பிறப்பு இல்லாத ஒருத்தி, தனக்கு உசிருக்குத் துணையாக ஒருத்தி வேண்டுமென்றால், ஏழு சாயங்காலம் வாசலில் கையை நீட்டி உட்காருவாள். சம்மதிக்கிறவள் வந்து பக்கத்தில் கையை ஒட்டி உட்காருவாள். பிறகு இரண்டு கைக்குமாகச் சேர்த்து ஒரே கோலத்தைப் பச்சை குத்துவார்கள். ஒருத்தியின் வலது கையில் பாதி, மற்றவளின் இடது கையில் பாதி. கையோடு கை சேர்ந்தால்தான் கோலம் முழுசாகும்.

"என் நாத்தனா, சின்னக்குழந்தைன்னு பேரு, அப்டிதான் ஒருத்தியோட உக்காந்தா. இவளுக்கு வலது கையில குத்தி முடிச்சாங்க. மத்தவ, மொத ஊசிக்கே கைய உருவிக்கினு எழுந்து ஓடிட்டா. அந்த வாரமே அவள மலைக்குக் கீழ, கீழ்நாட்ல கட்டிக் குடுத்துட்டாங்க. திரும்பி வர்ல."

"அப்பறம்?"

"அரைப் பச்சையோட எவ தொணைக்கு வருவா? முப்பது வருசம் நீ இப்ப கீற வூட்ல ஒண்டியாதான் இருந்தா. சாயங்காலமானா அந்தப் பலகையில, இடது பக்கமா, கைய நீட்டிக்கினு உக்காந்திருப்பா. செத்து ரெண்டு நாளு கழிச்சிதான் பாத்தோம்." பாஞ்சாலி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான்தாம்மா பாத்தேன். மக வூட்டுக்குப் போய்ட்டு வந்து."

விஷயம் தெரிந்ததும் நான் போளூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துப் போனேன், அவளைக் கீழே அழைத்து வந்துவிட. காப்பி கொடுத்தாள். பலகையின் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். நான் இடது பக்கம் உட்காரப் போனேன்.

"அங்க வேணாம். இப்டி கீழ உக்காரு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்போதுதான் கையைக் கேட்டு வாங்கி நான் தேய்த்துப் பார்த்தது. கோலத்தின் வெளி ஓரத்தில், கோடுகள் வந்து கூடுகிற இடத்தில், ஒரு புள்ளி அளவுக்குத் தோல் வெறுமையாக இருந்தது. இதை மட்டும் ஏன் விட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"அது நடுப்புள்ளி. குத்தும்போது வெக்கமாட்டாங்களாம், பாஞ்சாலிக்கா சொன்னாங்க. ஒருத்தி சாவுற நேரத்துல மத்தவ வந்து பக்கத்துல உக்காந்து வெப்பாளாம்."

கிளம்பு, இப்பவே பஸ்ஸுக்குப் போகலாம் என்றேன். அவள் காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"போன காய்ச்சல்ல ஒருத்தரும் வர்ல இல்ல? இனிமே ஒருத்தி வருவா."

நான் தனியாகத்தான் கீழே இறங்கினேன். இப்போது தினமும் போன் பண்ணுகிறேன். நன்றாகத்தான் பேசுகிறாள். அலாரம் மட்டும் மாறவில்லை, காலை 6.10. எழுந்ததும் விளக்கைப் போட்டு முதலில் கையில் அந்த வெற்று இடத்தைத்தான் பார்க்கிறாளாம். பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள்.