கிணற்றை இடமாகச் சுற்றியவன்

நான் பேய், பிசாசை நம்புகிறவன் இல்லை. முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டியவன். ஆனால் இது நடந்தது. கிழக்கேகோட்டையில், என் வீட்டில், போன செப்டம்பரில், பட்டப்பகலில். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு வருத்தமில்லை. இப்போதெல்லாம் எதற்குமே எனக்கு வருத்தம் வருவதில்லை.

என் மகன் சுமந்த் இத்தாலியில் ஒரு மலையூரில் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் படிப்பு படிக்கிறான். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையாது. எண்ணூறு வருஷத்து மதில், கிழக்குப் பார்த்த கோட்டைவாசல், கம்பளி வியாபாரிகள் கட்டிய மணிக்கூண்டு, சதுக்கத்தின் நடுவே ஒரு கல் கிணறு. எதிரிப் படை வளைத்துக்கொண்டபோது ஊரே அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பிழைத்ததாம். என் மனைவி விஜயலக்ஷ்மி அதை நம்மூராகவே ஆக்கிவிட்டாள். வாசல்தான் கிழக்கேகோட்டை. மணிக்கூண்டு நம் கோவிலுக்கு எதிரே இருக்கும் பழைய கடிகாரம், மேத்தன் மணி. கிணறு கோவில் குளம், பத்மதீர்த்தம்.

"பக்கத்துலே நம்ம கோவில் இல்லையே. அந்தக் கிணத்தையாவது தினம் ஒரு பிரதட்சிணம் பண்ணுடா" என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

பண்ணினான். அந்தச் சதுக்கத்தில் ஒரு கேமரா உண்டு. யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். அங்கே உச்சிவேளை மணி அடிக்கும்போது நமக்கு மூன்றரை. மணிச் சத்தத்துக்குப் புறாக்கள் பறக்கும். சுமந்த் கிணற்றை வலமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கையசைப்பான்.

விஜயலக்ஷ்மிக்கு இதயம் பலவீனம். உள்ளறையில் படுத்த படுக்கை. போனைப் பார்த்தால் தலைசுற்றும். அதனால் கூடத்தில் இருக்கும் என்னிடம் கேட்பாள். "வந்தானோ?"

"வந்துட்டான்."

அதன் பிறகுதான் காப்பி குடிப்பாள். அவளுக்கு ஒரே ஒரு கவலை. "டிசம்பர்லே அவன் வர்ற வரைக்கும் இருந்துட்டாப் போரும். எல்லாம் அவன் கையாலேதான் ஆகணும்."

அன்றும் மதியம் சாப்பிட்டுத் தூங்கினாள். நான் கூடத்தில் போனைத் திறந்தேன்.

மூன்றரை. மணி அடித்தது.

புறாக்கள் பறக்கவில்லை. ஒன்றுகூட.

சுமந்த் வந்தான். இடது தோளில் எதையோ வைத்துப் பிடித்திருந்தான். உருண்டையாக... ஹெல்மெட் என்று நினைத்தேன்.

சுற்றத் தொடங்கினான். இடமாக.

'அசடு, திசைகூட மறந்துவிட்டதா' என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு சுற்று. நின்றான். இரண்டாவது சுற்று. நின்றான். மூன்று...

கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றான். தோளில் இருந்ததைப் பின்னால் விட்டான்.

சத்தமில்லை.

கையசைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் கோட்டைவாசல் வழியே போய்விட்டான்.

உள்ளறையிலிருந்து குரல்.

"வந்தானோ?"

"வந்துட்டான்."

"எல்லாம் பண்ணினானோ?"

"ம்."

"அப்போ போரும்."

நாலு மணிக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். அவள் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் பிஜி ஓடி வந்தார். நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிவைத்தேன். அழுகை வரவில்லை.

சுமந்தைக் கூப்பிட்டேன். அவன் அழுது ஓய்ந்த பிறகு கேட்டேன்.

"ஏண்டா கையை ஆட்டலை?"

"எங்கேப்பா?"

"கிணத்தடியிலே."

"நான் இன்னிக்கி அங்கே இல்லையேப்பா. காலம்பறவே ரோமுக்கு வந்துட்டேன்."

மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தான். மயானத்தில் இடது தோளில் குடம். அம்மாவை இடமாகச் சுற்றினான். ஒரு சுற்று, நின்றான். இரண்டு, நின்றான். மூன்றாவது சுற்று முடிந்ததும் முதுகைக் காட்டி நின்று குடத்தைப் பின்னால் விட்டான். உடைந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்குப் புதிது.

திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

டாக்டர் பிஜி சொன்ன ஒன்றை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அன்று நாலு மணிக்கு வந்தவர், விஜயலக்ஷ்மியின் விரல்களை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"அங்கிள், உறக்கத்துலயே போயிருக்காங்க. ரெண்டு மணிக்கு முன்னாலயே."