கொடி யோகன் ஏன் நின்றார்

சலூன் கதிரையில் தலையைக் குனிந்தபடி இருந்தபோதுதான் அந்த ஆட்டோ வந்தது. எங்கள் ஊரில் சாவுச் செய்தி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில்தான் வரும். "உவர்மலையைச் சேர்ந்தவரும், துறைமுக வேலைத்தளத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவரும், கொடி யோகன் என்று எல்லோராலும் அன்பாக அழைக்கப்பட்டவருமான யோகநாதன் அவர்கள்..." முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "அட, ரேஸுக்குப் போய்க் கொடிக்கு நிண்ட மனுசனல்லோ?" என்று சிரித்தார். அன்பான சிரிப்புத்தான். ஆனாலும் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பாதி வெட்டிய தலையோடு எழுந்து யோகன் வீட்டுக்குப் போனேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டாள். "அந்தக் கொடிக் கதையையும் எழுதுங்கோ மாமா. சனம் விரும்பி வாசிக்கும்" என்றாள். எழுதுகிறேன் மகளே. ஆனால் நீங்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்துப் பழகிய மாதிரி எழுதப் போவதில்லை.

யோகனும் நானும் ஒரே ஆண்டில் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் கிரேன் திருத்தினார், நான் கந்தோரில் கோப்புக் கட்டி, கடிதங்களை மொழிபெயர்த்தேன். எங்களுக்குள் நீ, நான், மச்சான் என்றுதான் பேச்சு. இப்போது 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும். அப்படி எழுதத்தக்க ஒன்றை அவர் எனக்குச் செய்திருக்கிறார்.

யோகனின் அந்தக் காரை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய வோக்ஸ்வாகன் ஒன்றின் எஞ்சினைப் பின்னால் வைத்து, இரும்புக் குழாயை வளைத்து, எண்ணெய் பீப்பாய்த் தகரத்தைத் தட்டி உடம்பாக்கி, நாலு சில்லும் வெளியே தெரிய, ஒரேயொரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய ரேஸ் கார். கூரை இல்லை, கதவு இல்லை, லைட் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மூன்று வருடம் பின்வளவில் கிடந்து செய்தார். அவருடைய மனைவி பரமேஸ் அதை முதன்முதலாக முழுதாகப் பார்த்த அன்று, "இஞ்சேருங்கோ, மற்றப் பாதி எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு உவர்மலை முழுவதும் அதற்கு 'அரைக் கார்' என்றே பெயர்.

யுத்த காலத்தில் அதை எங்கே ஓட்டுவது? உட்துறைமுக வீதியில் இரண்டு சோதனைச் சாவடிகளுக்கு நடுவே கொஞ்ச நீளத்துக்கு நேரான ரோட்டு இருந்தது. நான் சின்ன வயதில் அநுராதபுரத்தில் படித்தவன், சிங்களம் தண்ணிபட்ட பாடு. காவலில் நிற்பவர்களிடம் நான் போய்க் கதைத்து அனுமதி வாங்குவேன். யோகன் இந்தச் சாவடியில் கிளம்பி அந்தச் சாவடியில் நிற்பார். அடையாள அட்டையைக் காட்டுவார். திருப்பிக்கொண்டு வருவார். மறுபடி அட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பழகிய ஓட்டம் அவ்வளவுதான்.

சண்டை சற்று ஓய்ந்திருந்த சில மாதங்களில், தெற்கே களுத்துறைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கழகம் ஒன்று ரேஸ் நடத்துவதாகப் பத்திரிகையில் பார்த்தார். வெள்ளைத்தாளோடு என் மேசைக்கு வந்து, "விண்ணப்பத்தை நீதான் எழுதோணும் மச்சான்" என்றார்.

"உனக்கென்ன விசரே? அங்க கொழும்பு டொக்டர்மார், தோட்டத் துரைமார் எல்லாம் வெளிநாட்டுக் கார் கொண்டு வருவினம். உன்ர தகரத்தை வைச்சு வெல்ல ஏலுமே?"

"வெல்ல ஏலாது. ஆனா ஓடி முடிச்ச ஆக்களின்ர பேரைத் தாளில அடிச்சுப் பலகையில ஒட்டுவினமாம். அதில திருகோணமலை யோகநாதன் எண்டு ஒரு வரி இருந்தாக் காணும். அந்தத் தாளைக் கொண்டுவந்து வேலைத்தளச் சுவரில ஒட்டுவன். அதுக்குப் பிறகு அரைக் கார் எண்டு ஒருத்தன் சொல்லட்டும் பாப்பம்."

கிண்ணியாவில் மீன் லொறி வைத்திருந்த ரஹீம் நானாதான் காரை ஏற்றினார். நான் போனது சிங்களம் கதைக்க. வழியில் ஒரு சாவடியில் காரை இறக்கச் சொன்னார்கள். இருக்கையைக் கழற்றினார்கள், டேங்கைத் திறந்தார்கள், சில்லைத் தட்டினார்கள். இது என்ன சாமான் என்று அதிகாரி கேட்டார். ரேஸ் கார் என்றேன். நம்பவில்லை. தள்ளிக் கிளப்பி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் முகம் மாறியது. கடைசியில் அவரே அதற்குள் ஏறி இருந்து படமும் பிடித்துக்கொண்டார். "ஐஸ் பெட்டிக்கே இவ்வளவு செக்கிங் இல்ல வாப்பா" என்று ரஹீம் நானா தலையில் அடித்துக்கொண்டார். அங்கே போய்ச் சேர்ந்தால், எங்கள் அடையாள அட்டையைப் பார்த்த விடுதிக்காரர் அறை இல்லை என்றார். மீன் வாடைக்குள் லொறியிலேயே படுத்தோம்.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டம். யோகனைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், மத்தியானத்துக்குள் அவருடைய எஞ்சினைச் சுற்றி நின்றார்கள். எட்டுக் காரில் நாலாவது நேரம் அவருடையது. மற்றவர்கள் வளைவுக்கு வெகு தூரத்திலேயே பிரேக் பிடித்தார்கள், இவர் கடைசி நொடியில் பிடித்தார். சாவடிக்குச் சாவடி பழகிய கால் அல்லவா! அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஞாயிறு காலை எல்லோரையும் கூட்டி வைத்து ஒழுங்குகளைச் சொன்னார்கள். சிங்களத்தில்தான். வளைவுகளில் கொடி பிடிக்க இராணுவத்தினர் நிற்பார்கள், மஞ்சள் கொடி அசைத்தால் முன்னால் இடைஞ்சல் என்று அர்த்தம், வேகத்தைக் குறைத்துத் தொடர்ந்து போக வேண்டும், எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. ரேஸ் அதிகாரி சொன்னது இவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு பச்சைச் சீருடை, தோளில் துவக்கு.

இரண்டு மாதத்துக்கு முன்னர்தான், ஆமி கை காட்டியும் நிற்காமல் போனதால் சுடப்பட்ட சைக்கிள்காரர் ஒருவரை யோகனும் நானும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தோம். பாவம், அவருக்குக் காது கேளாது. வாசலிலேயே உயிர் போய்விட்டது.

"என்னவாம்? மஞ்சளுக்கு மெதுவாப் போறதுதானே?" என்று யோகன் கேட்டார்.

"இல்லை. மஞ்சள் காட்டினா நிப்பாட்டட்டாம்" என்றேன்.

"நிக்கிறதோ? நான் அப்படிக் கேள்விப்படேல்லையே."

"இங்க அப்படித்தானாம். ஆமி கொடி காட்டினா முழுசா நிப்பாட்டி, எஞ்சினை ஓவ் பண்ணோணும். சொன்னதைக் கேள் மச்சான்."

கேட்டார். ஏனென்றால் சிங்களம் தெரிந்தவன் நான். பயத்தில் சொன்னேன் என்று இப்போது எழுதலாம். அப்போது அது புத்தியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

ஓட்டம் பத்துச் சுற்று. ஆறாவது சுற்றில் யோகன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். ரஹீம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியில் ஏறி நின்று கத்தினார். தூர வளைவில் ஒரு கார் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அங்கே நின்ற சின்னப் பெடியன் ஒருவன் மஞ்சள் கொடியை அசைத்தான். முன்னால் போன இரண்டு காரும் மெதுவாகக் கடந்து போயின. மூன்றாவதாக வந்த யோகன் நின்றார். எஞ்சினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அட்டையைக் காட்டச் சொல்லி நான் சொல்லவில்லை, அது அவருடைய கை தானாகச் செய்தது. அந்த ஆமிப் பெடியன் திகைத்துப் போய், "யன்ன! யன்ன!" போங்கள், போங்கள் என்று கத்தினான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கிளப்ப ஸ்டார்ட்டர் இல்லை. கடைசியில் அந்தப் பெடியனே துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரைத் தள்ளிக் கிளப்பிவிட்டான்.

யோகன் கடைசியாக வந்து சேர்ந்தார். பலகையில் தாள் ஒட்டினார்கள். ஆறு பெயர் இருந்தது, யோகனுடையது இல்லை. வெளியாள் தள்ளிவிட்ட கார் கணக்கில் சேராதாம். யோகன் அந்தத் தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார்.

அப்போது அதிகாரி எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "நிற்கக் கூடாது என்று காலையில் தெளிவாகச் சொன்னேனே. ஏன் நின்றார் என்று கேளுங்கள்."

அதை யோகனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன், ஒரு சொல் விடாமல். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "பழக்கதோசம் எண்டு சொல்லு மச்சான்" என்றார். "திருகோணமலையில ஆமி கை காட்டினா நிண்டு பழகிப்போச்சு எண்டு சொல்லு."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கியது. வீதி மூடியது. அரைக் கார் பின்வளவில் துருப்பிடித்தது. ரஹீம் நானா வழியாகக் கதை ஊருக்கு வந்தது. நானா சிரிக்கச் சிரிக்கச் சொல்லக்கூடியவர், அவருக்கும் உண்மை தெரியாது. கலியாண வீடுகளில் யோகனே எழுந்து நின்று அட்டையைத் தூக்கி நடித்துக் காட்டுவார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பேன். ஒருமுறை வெளியே வந்து, "இண்டைக்கு எல்லாருக்கும் உண்மையைச் சொல்லப் போறன்" என்றேன். "விடடா. நீ பயந்தது என்ர உயிருக்கு. அதையும் சொல்லிச் சிரிக்கச் சொல்லுறியோ?" என்றார். அதற்குப் பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை. அது கோழைத்தனம்தான்.

யோகனை அறிந்தவர்களே, இனி அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். நின்றவர் அவர், நிறுத்தியவன் நான். பரமேஸ் அக்கா, உங்கள் மனிதர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார்.

அந்தக் காரின் ஒரு தகரம்கூட என்னிடம் இல்லை. அவர் சொல்லி நான் சிங்களமாக்கிய அந்த ஒரு வசனம் மட்டும் இருக்கிறது. முப்பது வருடம் கடிதங்களும் வாக்குமூலங்களும் மொழிபெயர்த்தவன் நான், பிழை விட்டிருக்கிறேன். அந்த வசனத்தில் மட்டும் ஒரு பிழையும் விடவில்லை. எனக்காக என் நண்பன் சொன்ன பொய் அது.