மூலையில் சித்தி

எந்த அறைக்குள் நுழைந்தாலும் சித்தப்பா உட்காரும் முன் நான்கு மூலைகளையும் பார்ப்பார். வாசலிலேயே நின்று, இடது கண்ணை லேசாகச் சுருக்கி, மேல் இடது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது என்று பார்வையை ஒரு சுற்று அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் நடுவில் இருக்கும் மனிதர்களுக்கு வணக்கம். தெரியாதவர்கள் அவர் ஒட்டடை தேடுகிறார் என்று நினைத்துச் சங்கடப்படுவார்கள். ஒரு வீட்டில் அந்த வீட்டம்மா துடைப்பத்தையே கையில் எடுத்துவிட்டார்.

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் பதற்றத்தைத் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கால் அடக்குவது அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் கேமராக்களை ஒப்பிடுவார். படம் எடுப்பார் என்று நான் சொல்லவில்லை. மலை, கடல், பறவை எதுவும் அவரிடம் சிக்கியதில்லை. விடுமுறை நாளில் வாடகைக் கடையிலிருந்து ஒரு மிரர்லெஸ் கேமராவின் பாடியும், அதாவது லென்ஸ் மாட்டாத வெறும் கேமராவும், இரண்டு மூன்று லென்ஸும் எடுத்து வருவார். எந்த பாடியில் எந்த லென்ஸ் தெளிவு என்று தீர்ப்பு வழங்குவார். மறுநாள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொந்தமாக ஒன்று வாங்கக் கூடாதா என்றால், "இன்னும் முடிவுக்கு வரலடா" என்பார்.

விசாரணை நடக்கும் இடம் வீட்டுக் கூடம். எதிரே பூசாத செங்கல் சுவர், பக்கத்தில் பெரிய ஜன்னல், ட்ரைபாட் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டிய மூன்று நாடாத் துண்டுகள். எல்லா லென்ஸுக்கும் ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒளி நுழைய ஒரே அளவு திறப்பு. "நடுவுல எல்லா லென்ஸும் யோக்கியன்தான். ஓரத்துக்குப் போனாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பது அவர் கட்சி. ஓரம் எப்படி வருகிறது என்று பார்க்க ஓரத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே. அங்கே, படத்தின் கீழ் இடது மூலையில், ஒரு ஸ்டூல் போட்டுச் சித்தி உட்கார்ந்திருப்பார்.

சித்தி நீச்சல் கற்றுக்கொடுப்பவர். தண்ணீருக்கு அடியில் இருப்பவனுக்கும் கேட்கும் குரல். ஒரு இடத்தில் சும்மா இருக்கத் தெரியாத அவர் அந்த ஸ்டூலில் மட்டும் எப்படியோ இருந்தார். காய் நறுக்குவார், தொலைபேசியில் யாரையாவது திட்டுவார், நீச்சல் குளத்துக் கதைகளை எல்லாம் சித்தப்பாவிடம் கொட்டுவார். இடையிடையே "அசையாதே" என்று ஒரு குரல் வரும். ஒரு நொடி அசையாமல் இருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அப்படி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் சித்தப்பா பார்த்ததெல்லாம் சித்தியின் இடது கண் இமையும் ஸ்வெட்டரின் கம்பளி நூலும்தான். அதையும் கணினியில் இரண்டு மடங்கு பெரிதாக்கி.

அலுவலகம் பக்கம் என்பதால் நான் அவர்கள் மாடியறையில் தங்கியிருந்தேன். எனக்கு அதிகம் பேச வராது. கவிதைப் புத்தகங்களோடு மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் சித்தப்பா என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "ஏண்டா, பக்கத்துக்கு நாலு வரிதான், அதுவும் நடுவுல. மூலை நாலும் எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான் பாரு. நல்ல லென்ஸுடா இவன்."

அந்த வருடம் சித்தி குளத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முன்பு இருந்தவரின் படத்தை நுழைவாயில் சுவரிலிருந்து எடுத்துவிட்டு இவர் படத்தை மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கச் சொன்னார்கள்.

"ஏங்க, இத்தனை வருஷமா மூலையில உக்காந்துட்டேன்" என்றார் சித்தி. "ஒரே ஒரு படம். நடுவுல. பாக்கறவங்களுக்கு இவதான் இங்க பெரியவன்னு தெரியணும். முடியலன்னா இப்பவே சொல்லுங்க, ஸ்டூடியோவுக்குப் போய்க்கறேன்."

"ஸ்டூடியோவா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா?"

வியாழக்கிழமை சித்தப்பா விடுப்பு எடுத்தார். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடி ஒன்று, சின்ன சென்சார் பாடி ஒன்று. முகம் எடுப்பதற்கென்றே செய்த விலை உயர்ந்த லென்ஸ் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பாடியோடு சேர்த்துத் தள்ளிவிடும் கிட் லென்ஸ் ஒன்று. சித்தி தலைவாரி, நல்ல நீலச் சட்டை போட்டு வந்து சுவருக்கு நடுவில் நின்றார்.

"அங்க இல்ல. ஸ்டூலுக்குப் போ. முதல்ல டெஸ்ட்."

"இன்னைக்குமா?"

"டெஸ்ட் பண்ணாம எதுல உன்னை எடுக்கறது? சட்டமன்றத் தேர்தலா, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணுல குத்த?"

சித்தி என்னைப் பார்த்து, "பாத்துக்கோடா, இவர் கையில மாட்டினா இதுதான் கதி" என்றபடி மூலைக்குப் போனார்.

கை பட்டுக் கேமரா ஆடக் கூடாது என்பதற்காகச் சித்தப்பா எப்போதும் டைமர் வைப்பார். பட்டனை அழுத்தினால் சிறிது நேரம் கழித்துத்தான் எடுக்கும். சின்ன பாடியில் கிட் லென்ஸை மாட்டி, அழுத்திவிட்டு விலகினார். "அசையாதே." நான் புத்தகத்தில் கண்ணை வைத்தபடி கடைசிப் படி இறங்கினேன். படிக்குக் கீழே, நான் வந்த நாளிலிருந்தே, பச்சைக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பழைய செய்தித்தாள் கட்டு கிடக்கும். தினமும் தாண்டிப் போவேன். அன்று தாண்டவில்லை. நான் ஒரு பக்கம், கவிதை ஒரு பக்கம்.

"நீச்சல்தான் வராதுன்னு நெனச்சேன், உனக்கு நடையும் வரலியேடா!" என்று சித்தி வெடித்துச் சிரித்தார். கேமரா 'கிளிக்' என்றது.

"போச்சு. அசைஞ்சுட்டே" என்றார் சித்தப்பா. மறுபடி எடுத்தார்.

மதியத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது: ஃபுல் ஃபிரேம் பாடி, விலை உயர்ந்த லென்ஸ். சித்தி நடுவுக்கு வந்தார். அங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. நடுவில் நின்றதும் சித்திக்கு முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுத்து விறைத்தது. கண் அகன்றது. பல் தெரிந்ததே தவிர அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"இயல்பா இரு."

"இருக்கேனே!"

"பேசு, எப்பவும் பேசுவியே."

"என்ன பேச? நீங்க அங்க இருந்து நேரா முறைச்சுப் பாத்தா எனக்கு என்ன வரும்?"

வெளிச்சம் போகும் வரை எடுத்தார். அன்று மாலை மூவரும் கணினி முன் உட்கார்ந்தோம். படங்கள் அபாரமான தெளிவு. இமை முடியை எண்ணலாம், சட்டை நூலை எண்ணலாம். எண்ணி என்ன பயன், முகம் திருட்டுக் கேஸில் மாட்டியவருடையது. சித்தப்பா ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். நடு முடிந்து, மூலைப் படங்கள் வந்தன.

"நில்லுங்க" என்றார் சித்தி.

செங்கல் சுவர். கீழ் இடது மூலையில் தலை பின்னால் சாய, கண் இடுங்க, ஊருக்கே கேட்கும்படி சிரிக்கும் ஒரு பெண்.

"இதுதான்."

"இதுவா? இது வேண்டாம்னு கழிச்ச படம். கிட் லென்ஸ், அதுவும் மூலை! பாரு, காதெல்லாம் பஞ்சாக் கரைஞ்சிருக்கு. முகம் வெளிப்பக்கமா இழுத்திருக்கு."

"இருக்கட்டும். இதுல இருக்கறது நான்."

"நாலு பேர் வந்து போற இடம். தெளிவு வேண்டாமா?"

"வர்றவங்க நீச்சல் கத்துக்க வர்றாங்களா, என் இமையை எண்ண வர்றாங்களா?"

சித்தப்பாவின் வலது கால் மேசைக்கடியில் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார், பெரிதாக்காமல், முழுதாக. பிறகு படத்தில் இருந்த செங்கற்களை ஒவ்வொரு வரிசையாக வெட்டித் தள்ளினார். சித்தி நடுவுக்கு வந்தார்.

"சரி. ஆனா யார் கேட்டாலும் நான் எடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே தாயே."

சனிக்கிழமை காலை நானும் அவரும் குளத்துக்குப் போனோம். சித்தப்பா வாசலில் நின்றார், இடது கண்ணைச் சுருக்கினார், பார்வையைச் சுற்றுக்கு அனுப்பினார். மேல் வலது மூலையில், தீயணைப்புக் கருவிக்கு மேலே, அது நின்றுவிட்டது. சித்தியின் படம் அங்கேதான் தொங்கியது; முன்பு இருந்தவரின் படம் இருந்த இடமும் அதுதானாம். நீச்சல் உடையில் இருந்த ஒரு சிறுமி படத்தைக் காட்டித் தன் அப்பாவிடம், "இவங்ககிட்டதான் நான் கத்துக்குவேன்" என்றாள். "நான்தாங்க எடுத்தேன்" என்றார் சித்தப்பா, யாரும் கேட்காமலே.

அவர் சித்தியோடு அங்கேயே இருந்துவிட்டதால் கேமராப் பையைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன். வாடகைக் கடையை நடத்தும் அம்மா லென்ஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சித்தி எப்படி இருக்காங்க தம்பி? இன்னும் மூலையிலதான் உக்காத்தி வச்சிருக்காரா?"

ஆமாம் என்றேன். ஓரத்தைச் சோதிக்க வேறு வழி இல்லையே என்றும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு யாராவது ஆளை வைப்பாங்களா? ஆள்னா மூச்சு விடும், அசையும், பேசும். சுவத்துல நாலு பழைய பேப்பர் ஒட்டினாப் போதும், எழுத்து கலங்குதா இல்லையான்னு ஓரம் தன்னால தெரிஞ்சுடும். அவர் முதல்முதலா கேமரா எடுக்க வந்த அன்னைக்கே சொன்னேனே. இங்க கிடந்ததை எல்லாம் பச்சைக் கயிறு போட்டு ஒரு கட்டாக் கட்டி, நானே கையில குடுத்து அனுப்பினேன்."