லோகேஸ்வரிக்கு மிஞ்சிய ஒரு சொல்

பக்கவாதம் வந்த பிறகு லோகேஸ்வரியிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. ஓகே.

காபி வேண்டுமா? ஓகே. கை வலிக்கிறதா? ஓகே. விசிறியை நிறுத்தட்டுமா? ஓகே. நிறுத்தக் கூடாது என்று மனம் கத்தும்போதும் வாயிலிருந்து விழுவது அதுதான். விழுந்ததும் அவளே திடுக்கிடுவாள். அதற்குள் விசிறி நின்றிருக்கும்.

உள்ளே எதுவும் தொலையவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் வழியே மோனோரயில் திரும்புவது தெரிந்தது. துணி காயப்போட்ட கம்பி தொய்ந்திருப்பது தெரிந்தது. கணவர் பரமேஸ்வரன் மறுபடியும் சட்டையை உள்புறம் வெளியே வர மாட்டியிருப்பது நன்றாகவே தெரிந்தது. மனுஷன் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி ஒருமுறை பார்த்து அனுப்பியவள் அவள். இப்போது பார்க்கிறாள், சொல்ல முடியவில்லை. அவர் தையல் தெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறார்.

அடிக்கடி பழகிய சொல் சில நேரம் இப்படி நாக்கில் தங்கிவிடும் என்றார் டாக்டர். முப்பது வருடம் கோலாலம்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் காரியதரிசியாக இருந்தவளுக்கு வேறு எந்தச் சொல் தங்கும்? ஆனால் அந்தச் சொல்லின் வேர் வக்கீல் ஆபீசில் இல்லை. அது கேரி தீவில் இருந்தது.

அங்கே தோட்டத்தில் அவள் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் லோகேஸ்வரிதான் வகுப்பில் முதல். செய்யுளை ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லுவாள். அந்தப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் நேராக அங்கே முதல் வகுப்பான படிவம் ஒன்றில் உட்கார வைக்கவில்லை. தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவள் என்பதற்காக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் போட்டார்கள். மலாய் வரட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்றார்கள். அறிவில் குறை இல்லாத குழந்தையின் ஆயுளில் ஒரு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டு அதற்குச் சலுகை என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்? அங்கே ஆசிரியர் "பாஹாம்?" என்று கேட்பார். புரிந்ததா என்று அர்த்தம். புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு மொழி இல்லை. அதனால் தலையை ஆட்டினாள். ஆட்டப் பழகினாள். பிறகு கிள்ளானில் டைப்பிங் கற்று, ஆங்கிலக் கடிதங்களை வரி வரியாக மனப்பாடம் செய்து வேலைக்குப் போனபோது, அந்தத் தலையாட்டலே ஓகே ஆனது.

மகள் மதுமிதாவுக்கு அந்த வருடம் வேண்டாம் என்று அவளை மலாய் வழித் தேசியப் பள்ளியில் சேர்த்தாள். வீட்டிலும் பாதி ஆங்கிலம். மதுமிதா தமிழ் பேசுவாள். வாசிக்கத் தெரியாது. அதற்காக லோகேஸ்வரி இரண்டு முறை அழுதிருக்கிறாள், இரண்டு முறையும் குளியலறையில்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்லவள்தான். முதல் நாளே கேட்டாள், அம்மா எந்த மொழியில் வேலை பார்த்தார்கள் என்று. ஆங்கிலம் என்றார்கள். "அப்படியானால் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். இரண்டு மூன்று மொழி கலந்தால் குழம்பிப்போவார்" என்றாள். அன்றிலிருந்து பரமேஸ்வரன், கல்யாணமான நாளிலிருந்து தமிழிலேயே கொஞ்சியும் சண்டை போட்டும் வந்த மனிதர், கட்டிலருகே நின்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பேசத் தொடங்கினார்.

"லோகா, யூ வாண்ட் டீ ஆர் நாட்?"

அவளுக்குச் சிரிப்பாக வந்தது. சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில்தான் ஏறியது. அதை வலி என்று நினைத்து அவர் மாத்திரை எடுத்து வந்தார்.

கிள்ளானிலிருந்து நாத்தனார் பவுனம்மாள் விபூதியும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கினார்.

"கண்ணு பட்டுருச்சு தம்பி. நம்ம லோகா மாதிரி ஒருத்தி இந்த பிளாக்லேயே கெடையாது."

"அக்கா, மூளையில ரத்தம் அடைச்சிருக்கு. எலுமிச்சம்பழம் அங்க போயி என்ன பண்ணும்? ஜூஸ் போடவா?"

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு. ஏம்மா லோகா, நேத்து ராத்திரி தூங்குனியா? இந்தக் கட்டில்ல முதுகு வலிக்குமே…"

லோகேஸ்வரிக்குக் கண் நிறைந்தது. நாக்கு அசைந்தது. ஏதோ வரப் பார்த்தது.

"அக்கா, தமிழ்ல பேசாதீங்க. கொழம்பிரும்னு சொல்லியிருக்காங்க" என்றார் பரமேஸ்வரன்.

எலுமிச்சம்பழம் பொய் என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் விபூதியைக் கேள்வி கேட்டவர், மருத்துவத்தின் பெயரால் ஒருவர் போகிற போக்கில் சொன்னதை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. அதுவும் மூடநம்பிக்கைதான், வெள்ளை கோட்டு போட்டிருந்தது.

மாதங்கள் போயின. பயிற்சிப் பெண் படங்களைக் காட்டினாள். கப், ஸ்பூன், டோர். எல்லாவற்றுக்கும் ஓகே. புரிந்துகொள்ளும் திறன் மிகக் குறைவு என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். பரமேஸ்வரனுக்கு முழங்கால் வீங்கி, அவளைத் தூக்கி உட்கார வைக்க முடியாமல் போனது. செலாயாங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வேலைக்கும் இங்கேயும் ஓடிய மதுமிதாவுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மதுமிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினாள். சுத்தமான இடம். நர்ஸ் இருக்கிறார்கள். வாராவாரம் வருவோம். "ஓகே மா?"

வேண்டாம், வேண்டாம் என்று லோகேஸ்வரி உடம்பையே திரட்டினாள்.

"ஓகே" என்றது வாய்.

மகள் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சுப்பா." பரமேஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பி மோனோரயிலைப் பார்த்தார். அப்போது மோனோரயில் எதுவும் போகவில்லை.

திங்கட்கிழமை போவதென்று முடிவானது. சனிக்கிழமை மதுமிதா புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தாள். இல்லத்தில் இருந்துகொண்டே பயிற்சி செய்யலாம், வீட்டாரின் முகத்தையும் பார்க்கலாம். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் மடியருகே மேசையை இழுத்து வைத்துத் திறந்தாள். சுவரோரம் மூட்டை கட்டிய பை நின்றது. பரமேஸ்வரன் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கடைக்காரன் எல்லாத்தையும் மலாய்ல வெச்சிருக்கான். நான் இங்கிலீஷுக்கு மாத்துறேன்."

மொழிப் பட்டியல் திறந்தது. உலகத்து மொழிகள் எல்லாம், ஒவ்வொன்றும் தன் சொந்த எழுத்திலேயே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரிசையாக நகர்ந்தன. மதுமிதா கீழே போய்விட்டு மேலே வந்துகொண்டிருந்தாள். லோகேஸ்வரியின் இடது கை சட்டென்று நீண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா, தொடாதீங்க லா. எங்கயாச்சும் போயிரும்."

கை விடவில்லை. விரல் ஒரு வரியில் போய் நின்றது. உதடு குவிந்தது, விரிந்தது.

"த… தமிழ்."

மதுமிதா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அப்பா! அப்பா, இங்க வாங்க!"

கரண்டியோடு ஓடி வந்தார் பரமேஸ்வரன். "என்னா? விழுந்துட்டாளா?"

"அம்மா படிச்சாங்க!"

அவர் மண்டியிட முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஆங்கிலம் மறந்துபோனது. "லோகா… எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்."

விரல் பக்கத்தில் நகர்ந்தது. "தமிழ். ம… மலேசியா."

"போடும்மா அதையே!" என்றார் மகளிடம்.

மதுமிதா அதையே தேர்ந்தெடுத்தாள். வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள் இந்த ஊர்க்காரர்கள்? ஆனால் திரை மாறவில்லை. மலாயிலேயே நின்றது. மதுமிதா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அப்பா, இதுல டைப் அடிக்கத்தான் முடியுமாம். திரை முழுசும் தமிழா தெரியணும்னா தமிழ் இந்தியாதான் எடுக்கணும்."

பரமேஸ்வரனின் கரண்டி காற்றில் எழுந்தது. "எங்க தாத்தா போட்ட தண்டவாளம் இங்க கெடக்கு. ஐ.சி. கார்டு மலேசியா, கட்டுற வரி மலேசியா. தமிழ் மட்டும் இந்தியாவுலேர்ந்து வரணுமா?"

"கோவிக்காதீங்க லாப்பா. கிளிக்தானே கேக்குது, பாஸ்போர்ட்டா கேக்குது?"

லோகேஸ்வரியின் முகத்தில் பாதிச் சிரிப்பு ஏறியது. இந்த முறை அதை யாரும் வலி என்று நினைக்கவில்லை.

மதுமிதா தமிழ் இந்தியாவையே எடுத்தாள். இறங்க வேண்டியது இணையத்திலிருந்து இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தபோது திரை முழுக்கத் தமிழ். மதுமிதா தலையில் கை வைத்தாள். "ஐயோ, எல்லாம் ஜிலேபியா இருக்கு. எங்க என்னான்னே தெரியல." பரமேஸ்வரன் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் திரை நடுவில் ஒரு கட்டம் குதித்து வந்து எதையோ கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்.

மதுமிதா திரும்பினாள். மாதக்கணக்கில் முதல் முறையாக அம்மாவிடம் அவள் தமிழில், உண்மையாகவே பதில் தெரியாமல் ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, இது என்னாம்மா? எத அமுக்க?"

லோகேஸ்வரி முதல் பொத்தானைப் பார்த்தாள். "சரி" என்று வாசித்தாள். இரண்டாவதில் கண் நின்றது. இத்தனை நாள் இருட்டில் துழாவிக்கொண்டிருந்த சொல் அங்கே எழுதியிருந்தது.

"இப்போது… வேண்டாம்."

மூச்சு வாங்கினாள். மறுபடி சொன்னாள். "வேண்டாம்." பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுத்தாள். இடது கை சுவரோரம் நின்ற பையை நோக்கி நீண்டது. இப்போது எழுத்து எதுவும் முன்னால் இல்லை. சொல் அவள் பேசும் விதத்தில் வந்தது.

"வேணாம்."

அடுப்படியில் ரசம் பொங்கி வழிந்தது.

"ஹோமா? ஹோம் வேணாமாம்மா?" மதுமிதா பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அன்னிக்கு ஓகேன்னு சொன்னீங்களே…"

"இரு, இரு" என்றார் பரமேஸ்வரன். "அவசரப்படாத. சோதிச்சுப் பாக்கணும். லோகா, வேப்பிலைக் கசாயம் வேணுமா?"

"வேணாம்."

"காபி?"

நீண்ட நேரம் ஆனது. நெற்றி வியர்த்தது. "ஓ…" என்று தொடங்கியது வாய். அவள் அதைக் கடித்து நிறுத்தினாள். "வே… வேணும்."

"சீனி போட்டா?"

"வேணும்!" இந்த முறை கொஞ்சம் கோபமாகவே வந்தது.

"அது லோகாதான்" என்றார் பரமேஸ்வரன். "டாக்டர் சீனி கூடாதுன்னுட்டாரு. அது அவளேதான்."

மதுமிதா பையைத் தூக்கிக் கட்டிலில் கவிழ்த்து, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரிக்கே கொண்டுபோனாள். நடுவில் நின்று போனை எடுத்து, திங்கட்கிழமை வரவில்லை என்று அந்த இல்லத்துக்குச் சொன்னாள். பிறகு பயிற்சிப் பெண்ணை அழைத்தாள். "இனிமே தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும். இல்லன்னா நீங்க வாங்க, அம்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாங்க." நாளை யார் தூக்கி உட்கார வைப்பது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. முழங்கால் அதே முழங்கால்தான்.

பரமேஸ்வரன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கீழே கடையில் நல்ல காபித்தூள் வாங்கி வருகிறேன் என்று வாசலில் செருப்பை மாட்டினார்.

"என்னாங்க."

அவர் அப்படியே நின்றார். அந்த அழைப்பைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

லோகேஸ்வரி இடது கையைத் தூக்கி அவர் மார்பில் வெளியே தெரிந்த தையலைக் காட்டினாள். சொல் வர நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார்.

"சட்டை" என்றாள்.