பற்றிஸ் பொரித்து நாங்கள் வரவேற்ற சமூகப் பணியாளர்

பிள்ளை பிறந்த பிறகு எனக்கு நித்திரையே இல்லை, எந்நேரமும் அழுகை. தெரிந்தவர்கள் எல்லாரும் "இந்த நாட்டுக் குளிர்தான் காரணம்" என்றார்கள். பல இடங்களுக்குப் போன் செய்து அலுத்த பிறகுதான், மனநலச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளர் கிடைத்தார். சென் ஜேம்ஸ் ரவுணில், உயர்ந்த மாடிக் கட்டடத்திலிருந்த எங்கள் வீட்டுக்கே வருவதாகச் சொன்னார்.

என் கணவருக்கோ அவர் விருந்தாளி! "வெள்ளைக்காரி வாறா, பற்றிஸ் பொரியும், நல்ல சீலையாக் கட்டும்" என்றார். மாவுக்குள் கறி வைத்து மடித்து, அழுதழுது பொரித்தேன்.

வந்த பெண், "நித்திரை எப்படி?" என்று என்னைக் கேட்டார். "நல்ல நித்திரை" என்றார் கணவர். "சாப்பாடு?" என்றதும் இவர் பற்றிஸ் தட்டை நீட்டினார். அந்தப் பெண்ணும் ருசித்துவிட்டு, இங்கே ஒரு குறையும் இல்லை என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு வந்ததே கோபம்! லிஃப்ட் வரை பின்னாலேயே ஓடி, "நான் நித்திரை கொள்வதே இல்லை. பல்கனிப் பக்கம் போக எனக்குப் பயமாயிருக்கிறது" என்றேன். லிஃப்ட் போய்விட்டது, அவர் போகவில்லை.

இப்போது அவருடைய அலுவலகத்துக்கு நானே தனியாகப் போகிறேன். போன கிழமை கணவர், "வெறுங்கையோட போறது வடிவில்லை, ஏதும் செய்து கொண்டுபோமன்" என்றார். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு போனேன்.