சர்க்கரைக்கு எடுத்த சாம்பிள்

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் கனடாவில் இருக்கும் மகள் இரண்டு சென்சார் அனுப்பினாள். மேல்கையில் ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரம் விடாமல் சர்க்கரையைப் பார்த்து போனுக்கு அனுப்பும். என் போனோடு நின்றால் பரவாயில்லை, அவள் போனுக்கும் போகும். திருவையாற்றுப் பக்கம் நான் சோற்றில் கைவைத்தால் அங்கே மணி அடிக்கும். என் வயலில் விளைந்த பொன்னியை நான் தின்ன யாரிடம் அனுமதி கேட்பது? முதல் சென்சார் முடிவதற்குள் கோதுமை ரவையைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

எனக்கும் கருவிகளுக்கும் பழைய பகை. நெல்லைப் பல்லில் கடித்தே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் மெஷின் சொல்வதுதான் சட்டம். அதனால் சாம்பிளுக்கு மட்டும் நன்றாகக் காய்ந்த குவியலில் ஒரு கை அள்ளிக் கொடுப்போம். தன்னிடம் வந்த பிடி நெல்லைத் தவிர மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் குவியல், யார் வயல் என்று அது கேட்காது. எண்ணாகச் சொல்லிவிட்டால் நாமும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இரண்டாவது சென்சாருக்கும் அதே யோசனைதான். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு நோய்நொடி கிடையாது. என் கையில ஒட்டிவிடுங்க. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

மறுநாள் மத்தியானம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். மூன்று தரம் சோறு வாங்கினேன். சொர்க்கம்தான், வேறென்ன. நான் எழுந்த பிறகு அவள் வழக்கம்போல மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மகள் கத்துவாள் என்று நினைத்தேன். குரல் இறங்கியிருந்தது.

"அப்பா, இந்த அளவுக்கு உங்களுக்கு வந்ததே இல்ல. வெறும் வயித்துலயே ரொம்ப அதிகமா இருந்துச்சு. அடிக்கடி தாகம் எடுக்குதா? அசதியா இருக்கா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வீட்டுக்காரி தண்ணீர்ச் சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். சாப்பிட்ட பிறகு அது இரண்டாவது சொம்பு. ராத்திரியில் அவள் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பதை வெயில் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் கிட்டே வந்து என் காதில் சொன்னாள். "சொல்லிடாதீங்க. அப்புறம் உங்களுக்குச் சோறு போட விடமாட்டா."

"சென்சார் இருக்கிறது உங்கம்மா கையில" என்றேன்.