இரண்டு நிமிடத்தில் பூட்டும் திரை

மாயாபந்தரில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி ஆண்டவர் அவர். மடிப்புக் கலையாத சட்டை. இடது மணிக்கட்டில் வாட்ச் இல்லை, அதன் வெளுத்த தடம் மட்டும் இருக்கும். நேரம் கேட்டால், "அரே, ஸ்கிரீன்லயே இருக்கே" என்பார்.

நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும், நிரப்பியதெல்லாம் அழிந்துவிடும். ஆஸ்பத்திரிக்காகத் தீவிலிருந்து மெயின்லேண்ட் போக டிக்கெட் எடுக்க வந்த ஓர் அம்மா, பையில் அடையாள அட்டையைத் தேடி எடுப்பதற்குள் பூட்டிக்கொண்டது. திரும்பத் திறந்தபோது கடைசி சீட்டும் போயிருந்தது.

கொதிப்போடு அவரிடம் போனேன். "என் கவுண்டருக்கு மட்டும் பத்து நிமிஷம் வைங்க சார்."

"வைக்கலாம் பாய் சாப். பொதுவா மேல போடுற செட்டிங்கைவிட உங்க செக்‌ஷனுக்குப் போடுறதுதான் ஜெயிக்கும். ஆனா ஹெட் ஆபீஸ்ல 'கட்டாயம்'னு டிக் போட்டுட்டாங்க. இனி யார் என்ன வச்சாலும் செல்லாது. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கால் மணி நேரம் விளக்கினார். அவர் திரை மட்டும் பூட்டவே இல்லை. அவர் கை படாமலே கிடந்த மவுஸைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் அவருடைய வாட்ச். ஓடுகிற விநாடி முள்ளைப் பார்த்து, யாரோ வேலை செய்வதாக நம்பிக்கொண்டிருந்தது மவுஸ். அவர் கூச்சமே இல்லாமல் அதை வாங்கித் திரும்ப வாட்ச்மேல் வைத்தார்.

ஹெட் ஆபீஸ் உத்தரவு இன்றும் அப்படியே அமலில் இருக்கிறது. எங்கள் ஆபீசில்தான் இப்போது யார் கையிலும் வாட்ச் இல்லை.